கிளஸ்டரில் பெயர் சிக்கல்: டேட்டாபேஸ் சர்வர் அமைக்கும்போது எங்கே பார்ப்பது?

புதிதாக ஒரு எஸ்கியூஎல் சர்வர் கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையைத் தொடரும்படி இணைத்த சர்வர்களின் கூட்டம், அமைக்கிறீர்கள். இரண்டு நோடும் (கூட்டத்தில் உள்ள மெஷின்கள்) தயார். டேட்டாபேஸ் இரண்டிலும் ஒழுங்காக ஓடுகிறது. கடைசி வேலையாக, அப்ளிகேஷன்கள் வந்து இணைய வேண்டிய லிசனர் பெயரையும் ஐபி முகவரியையும் கொடுத்து ஓகே அழுத்துகிறீர்கள். 19471 என்ற எண்ணோடு எரர் வந்து நிற்கிறது. நெட்வொர்க் பெயரை ஆன்லைன் கொண்டுவர முடியவில்லை, அந்தப் பெயரை ஏற்கெனவே வேறு யாராவது எடுத்திருக்கலாம், அல்லது கிளஸ்டர் சர்வீஸ் ஓடாமல் இருக்கலாம், வேறு பெயர் வைத்துப் பாருங்கள் என்கிறது அது. கூடவே 19476 என்று இன்னொன்றும் வரும்: லிசனருக்கான பெயரையும் ஐபியையும் உருவாக்கும் முயற்சி தோற்றது என்று.

புதியவர்கள் பலர் எரர் சொன்னபடியே வேறு பெயர் வைத்துப் பார்க்கிறார்கள். அதுவும் தோற்றால் கிளஸ்டரையே கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிளஸ்டரைக் கலைத்தாலும் பழைய பெயரின் மிச்சங்கள் ஆக்டிவ் டைரக்டரியிலும் (நிறுவனத்தின் கணக்குகளையும் மெஷின்களையும் பதிந்து வைக்கும் விண்டோஸ் சேவை) டிஎன்எஸ்ஸிலும் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) அப்படியே தங்கிவிட வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அதே பெயரை வைக்கும்போது அந்த மிச்சங்களே புதிய தடையாக வந்து நிற்கும். உண்மையில் எங்கே இடறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு பர்மிஷனோ ஒரு டிஎன்எஸ் பதிவோதான் காரணமாக இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கிளஸ்டரில் பெயர் என்றால் என்ன?

சாதாரண சர்வரில் பெயர் என்பது அந்த மெஷினுடையது. மெஷின் செத்தால் பெயரும் போகும். கிளஸ்டரில் அப்படியில்லை. ஒரு நோடு விழுந்தால் வேலை அடுத்த நோடுக்குப் போக வேண்டும். அப்ளிகேஷனுக்கு இது தெரியவே கூடாது. அதனால் எந்த மெஷினுக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரை உருவாக்கி, இப்போது எந்த நோடு பொறுப்பில் இருக்கிறதோ அதன் மேல் அந்தப் பெயரையும் அதன் ஐபியையும் ஏற்றி வைக்கிறோம். ஃபெயில்ஓவர் நடந்தால் பெயர் மொத்தமாக இடம் மாறுகிறது.

விண்டோஸ் கிளஸ்டர் ஒன்றில் குறைந்தது மூன்று வகைப் பெயர்கள் புழங்கும். முதலாவது, நோடுகளின் சொந்தப் பெயர்கள். டிபி1, டிபி2 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, கிளஸ்டருக்கே உரிய பெயர். இதற்கென ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு உருவாகும், சிஎன்ஓ (கிளஸ்டர் நேம் ஆப்ஜெக்ட்) என்பார்கள். மூன்றாவது, அப்ளிகேஷன்கள் பயன்படுத்தும் பெயர். அது அவைலபிலிட்டி குரூப்பின் (டேட்டாபேஸின் நகல்களைப் பல நோடுகளில் வைக்கும் அமைப்பு) லிசனராக இருக்கலாம், ஃபெயில்ஓவர் கிளஸ்டர் இன்ஸ்டன்ஸின் (ஒரே எஸ்கியூஎல் நிறுவல் நோடு விட்டு நோடு மாறும் அமைப்பு) நெட்வொர்க் பெயராகவும் இருக்கலாம். இதற்கும் தனியாக ஒரு கம்ப்யூட்டர் கணக்கு உண்டு. இதை விசிஓ (விர்ச்சுவல் கம்ப்யூட்டர் ஆப்ஜெக்ட்) என்பார்கள். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. கிளஸ்டர் பெயரை கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் போட்டுவிட்டு, டேட்டாபேஸ் கிடைக்கவில்லையே என்று தேடுபவர்கள் உண்டு. கிளஸ்டர் பெயர் நிர்வாகத்துக்கானது. அப்ளிகேஷன் போக வேண்டியது லிசனர் பெயருக்கு.

இங்கே மனதில் பதிய வைக்க வேண்டியது ஒன்று. இப்படிப்பட்ட ஒரு பெயர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கிளஸ்டரின் உள் பதிவில் ஒரு ரிசோர்ஸாக இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்காக இருக்கிறது. டிஎன்எஸ்ஸில் ஐபியோடு சேர்ந்த ஒரு பதிவாக இருக்கிறது. நிலம் ஒன்றுதான், ஆனால் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் ஒரே பெயர் இருந்தால்தானே விற்க முடியும்? அதைப் போல இந்த மூன்று இடமும் ஒத்துப்போனால்தான் பெயர் வேலை செய்யும். எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

ஓகே அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

எஸ்கியூஎல் சர்வர், லிசனருக்கான ஐபி ரிசோர்ஸையும் பெயர் ரிசோர்ஸையும் உருவாக்கச் சொல்லி கிளஸ்டரைக் கேட்கிறது. பெயர் ரிசோர்ஸ் ஐபியை நம்பி இருப்பது. ஐபி ஆன்லைன் வராவிட்டால் பெயரும் வராது. நீங்கள் கொடுத்த ஐபியை ஏற்கெனவே ஒரு பிரிண்டர் வைத்திருந்தால்கூடப் பெயர்தான் தோற்றது போலத் தெரியும். அதனால் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் மேனேஜரில் முதலில் ஐபி ரிசோர்ஸின் நிலையைப் பாருங்கள். அது சிவப்பாக இருந்தால் பெயரைத் தொட வேண்டாம்.

ஐபி சரி என்றால் அடுத்த கட்டம். கிளஸ்டர், சிஎன்ஓ கணக்கின் அடையாளத்தோடு ஒரு டொமைன் கண்ட்ரோலரிடம் (ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வர்) போய், "இந்தப் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு உருவாக்கு" என்று கேட்கிறது. கணக்கு உருவானதும் டிஎன்எஸ்ஸில் பெயரையும் ஐபியையும் பதிகிறது. கடைசியாக எஸ்கியூஎல் சர்வர் அந்த ஐபியில், நீங்கள் கொடுத்த போர்ட்டில் காது கொடுக்கத் தொடங்குகிறது.

கவனியுங்கள், டொமைனிடம் போய்க் கேட்பது நீங்கள் இல்லை. நீங்கள் டொமைன் அட்மினாகவே லாகின் செய்திருந்தாலும் லிசனர் கணக்கை உருவாக்கப் போவது சிஎன்ஓ. அதற்கு பர்மிஷன் இல்லையென்றால் உங்கள் அதிகாரம் எதற்கும் உதவாது. "நான் அட்மின்தானே, ஏன் ஆக்ஸஸ் டினைட் வருகிறது?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

பர்மிஷன்: முதலில் சந்தேகப்பட வேண்டியது

ஈவண்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் லாகில் ஃபெயில்ஓவர் கிளஸ்டரிங் பதிவுகளைப் பாருங்கள். 1069 என்பது ஏதோ ஒரு ரிசோர்ஸ் தோற்றது என்று பொதுவாகச் சொல்வது. அதில் தகவல் குறைவு. அதற்குச் சற்று முன்போ பின்போ 1194 இருக்கிறதா என்று தேடுங்கள். பெயருக்கான கம்ப்யூட்டர் கணக்கை டொமைனில் உருவாக்க முடியவில்லை என்பதுதான் 1194-இன் பொருள். அதே செய்திக்குள் எந்த டொமைன், என்ன காரணம், எந்த அடையாளத்தில் முயன்றது என்று எல்லாம் எழுதியிருக்கும். அந்த அடையாளம் டாலர் குறியோடு முடிகிற சிஎன்ஓவின் பெயராக இருக்கும்.

ஒரு இடத்தில் வேலை செய்தது இன்னொரு இடத்தில் ஏன் செய்யவில்லை என்பதற்கு இங்கே ஒரு நல்ல காரணம் உண்டு. ஆக்டிவ் டைரக்டரியில் எந்தக் கணக்கும் 10 கம்ப்யூட்டர்களை டொமைனில் சேர்க்கலாம் என்பது இயல்பான அமைப்பு. சிஎன்ஓ இயல்பான கம்ப்யூட்டர்ஸ் கண்டெய்னரில் இருந்தால் இந்த ஒதுக்கீட்டை வைத்தே லிசனர்களை உருவாக்கிக்கொள்ளும். அதனால் டெஸ்ட் சூழலில் எந்தத் தொந்தரவும் இருக்காது. பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக்காக இந்த 10-ஐ பூஜ்யம் ஆக்கியிருப்பார்கள். சர்வர்களுக்கென்று தனி ஓயூவும் (ஆக்டிவ் டைரக்டரிக்குள் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) வைத்திருப்பார்கள். அங்கே போனதும் அதே படிகள், அதே ஸ்கிரிப்ட், ஆனால் தோல்வி. இதே ஒதுக்கீட்டால் பதினொன்றாவது லிசனரில் திடீரென்று நின்றுபோவதும் நடக்கும்.

தீர்வு இரண்டு வகை. சிஎன்ஓ இருக்கும் ஓயூவில், "கம்ப்யூட்டர் ஆப்ஜெக்ட்களை உருவாக்கு", "எல்லா பண்புகளையும் படி" என்ற இரண்டு உரிமைகளையும் சிஎன்ஓவுக்குக் கொடுக்கலாம். லிசனரின் கணக்கு சிஎன்ஓ இருக்கும் அதே ஓயூவில்தான் உருவாகும் என்பதால் உரிமையை அங்கே கொடுத்தால் போதும். அடிக்கடி லிசனர்கள் சேர்ப்பீர்கள் என்றால் இதுவே வசதி.

ஓயூ மீது உரிமை தர ஆக்டிவ் டைரக்டரி குழு சம்மதிக்காவிட்டால் இரண்டாவது வழி: லிசனர் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கை அவர்களையே முன்கூட்டி உருவாக்கித் தரச் சொல்லி, அந்த ஒரு கணக்கின் மீது மட்டும் சிஎன்ஓவுக்கு முழுக் கட்டுப்பாடு கொடுக்கச் சொல்லுங்கள். இதில் இரண்டு சின்ன விஷயங்களில் பலர் தடுமாறுகிறார்கள். ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் திரையில் வியூ மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸை இயக்கினால்தான் செக்யூரிட்டி டேப் கண்ணுக்கே தெரியும். அப்புறம், அங்கே சிஎன்ஓவின் பெயரைத் தேடும்போது "அப்படி எதுவும் இல்லை" என்று சொல்லும். காரணம், அந்தத் தேடல் இயல்பாக யூசர்களையும் குரூப்களையும் மட்டுமே பார்க்கிறது. ஆப்ஜெக்ட் டைப்ஸ் பட்டனை அழுத்தி கம்ப்யூட்டர்ஸ் என்பதில் டிக் போட்டால் உடனே கிடைத்துவிடும்.

கிளஸ்டருக்கான சிஎன்ஓவையும் இப்படி முன்கூட்டியே உருவாக்கி வைக்கலாம். அப்படிச் செய்தால் அந்தக் கணக்கை டிஸேபிள் செய்து வைக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஏதோ மெஷின் அந்தப் பெயரில் ஓடுகிறது என்று கருதி கிளஸ்டர் அமைப்பு நின்றுவிடும். கிளஸ்டரை அமைக்கப் போகும் நபரின் கணக்குக்கு அதன்மேல் முழுக் கட்டுப்பாடும் தேவை.

இன்னொரு வகை உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளஸ்டரில் ஒருநாள் 1207 வரத் தொடங்கும்: கணக்கைப் புதுப்பிக்க முடியவில்லை என்று. யாரோ ஓயூவைச் சுத்தம் செய்யும்போது, "இது எந்த மெஷின் என்று தெரியவில்லையே" என்று சிஎன்ஓவை டிஸேபிள் செய்திருப்பார், அல்லது அழித்திருப்பார். டிஸேபிள் என்றால் இயக்கிவிட்டு, கிளஸ்டர் பெயர் ரிசோர்ஸின் மோர் ஆக்‌ஷன்ஸ் மெனுவில் ரிப்பேர் கொடுங்கள். பாஸ்வேர்ட் ஒத்துப்போகாமல் இருந்தாலும் அதுவே சரிசெய்யும். அழித்திருந்தால் ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்பதே முதல் முயற்சியாக இருக்கட்டும். கணக்கை உருவாக்கும் அன்றே அதன் டிஸ்க்ரிப்ஷனில் "கிளஸ்டர் கணக்கு, அழிக்க வேண்டாம்" என்று எழுதி வைத்துவிடுங்கள். தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும் டிக் ஒன்றும் அதே ஆப்ஜெக்டில் உண்டு. இரண்டையும் செய்துவிடுவது நல்லது.

நோடுகள் இரண்டு ஊர்களில் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு ஊரின் டொமைன் கண்ட்ரோலரில் உருவான கணக்கு மற்ற ஊரின் கண்ட்ரோலருக்குப் போய்ச் சேர, சைட் லிங்க்கின் இயல்பான இடைவெளிப்படி 180 நிமிடங்கள்கூட ஆகலாம். அதற்குள் ஃபெயில்ஓவர் சோதனை செய்தால் இரண்டாவது நோடு "அப்படி ஒரு கணக்கே இல்லை" என்று சொல்லிவிடும். ரெப்அட்மின் கட்டளை மூலம் ரெப்ளிகேஷனை (கண்ட்ரோலர்களுக்கு இடையே நகல் போவதை) உடனே நடத்திவிட்டுச் சோதியுங்கள்.

டிஎன்எஸ்: ஆன்லைன் என்று காட்டும், ஆனால் கிடைக்காது

பர்மிஷன் சிக்கலாவது எரரைக் காட்டி நின்றுவிடுகிறது. டிஎன்எஸ் சிக்கல் அப்படியல்ல. பெயர் ரிசோர்ஸ் பச்சையாக, ஆன்லைன் என்று காட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து யாராலும் இணைய முடியாது. அல்லது பழைய ஐபிக்குப் போய் முட்டிக்கொண்டிருக்கும். ஈவண்ட் லாகில் 1196 இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை டிஎன்எஸ்ஸில் பதிய முடியவில்லை என்பது அது. காரணமாக "டிஎன்எஸ் பேட் கீ" என்று இருந்தால் கதை இதுதான்: மைக்ரோசாஃப்ட் டிஎன்எஸ்ஸில் பாதுகாப்பான டைனமிக் அப்டேட் இருக்கும்போது, ஒரு பதிவை முதலில் உருவாக்கிய கணக்கே அதன் உரிமையாளர். வேறு கணக்கு வந்து மாற்றக் கேட்டால் மறுத்துவிடும். முன்பு கலைத்த கிளஸ்டர் விட்டுப்போன பதிவோ, யாரோ ஒரு அட்மின் "முன்கூட்டியே போட்டு வைப்போம்" என்று கையால் சேர்த்த பதிவோ அங்கே உட்கார்ந்திருக்கும். கிளஸ்டரால் அதைத் தொட முடியாது.

அந்தப் பதிவை இப்போது யாரும் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு அழியுங்கள். பிறகு பவர்ஷெல்லில் அப்டேட்-கிளஸ்டர்நெட்வொர்க்நேம்ரிசோர்ஸ் கட்டளையை ஓட்டினால் கிளஸ்டர் தானே புதிதாகப் பதிந்துகொள்ளும். பெயரை ஆஃப்லைன் ஆக்கி ஆன்லைன் கொண்டுவந்தாலும் பதியும்தான். ஆனால் அந்த நேரத்தில் லிசனர் வழியாக இணைந்திருக்கும் எல்லாரும் அறுந்துபோவார்கள். டிஎன்எஸ்ஸை விண்டோஸ் அல்லாத சர்வர் பார்த்துக்கொள்கிறது, அது டைனமிக் அப்டேட்டை ஏற்பதில்லை என்றால், பதிவைக் கையால் போடுவது தவிர வழியில்லை.

நோடுகளின் நெட்வொர்க் அடாப்டர் அமைப்பையும் இந்த இடத்தில் பார்த்துவிடுங்கள். நான் மிகவும் வெறுக்கும் அமைப்பு ஒன்று உண்டு: முதல் டிஎன்எஸ் சர்வராக டொமைன் கண்ட்ரோலர், இரண்டாவதாக 8.8.8.8. முதலாவது விழுந்தால் இரண்டாவது கைகொடுக்கும் என்ற நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள். கூகுளின் பொது டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் உள் டொமைன் பெயர்கள் எதுவுமே தெரியாது. முதல் சர்வர் ஒரு நொடி பதில் தரத் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதைக் கேட்கும். அது "அப்படிப் பெயரே இல்லை" என்று திட்டவட்டமாகப் பதில் தரும். அந்த "இல்லை" கேஷிலும் தங்கும். விளைவு, எப்போதாவது மட்டும் வரும், யாராலும் மீண்டும் வரவழைத்துக் காட்ட முடியாத ஒரு கோளாறு. டொமைனில் உள்ள சர்வருக்கு இரண்டாவது டிஎன்எஸ்ஸும் உள் டிஎன்எஸ்ஸாகவே இருக்கட்டும்.

ஹார்ட்பீட்டுக்கென்று (நோடுகள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது) தனி அடாப்டர் வைத்திருந்தால், அதில் "இந்த இணைப்பின் முகவரியை டிஎன்எஸ்ஸில் பதி" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் டிபி1 என்ற பெயருக்கு இரண்டு ஐபி பதிவாகும். கிளையண்ட் சில நேரம் சரியான ஐபிக்கும் சில நேரம் வெளியிலிருந்து போகவே முடியாத ஹார்ட்பீட் ஐபிக்கும் போகும்.

15 எழுத்து

விண்டோஸ் இன்னும் பயன்படுத்தும் பழைய பெயர் முறையான நெட்பயாஸில் ஒரு பெயருக்கு 16 பைட் இடம். அதில் கடைசி பைட் சேவை வகைக்குப் போய்விடும். மிச்சம் 15. டிஎன்எஸ்ஸில் ஒரு பகுதிக்கு 63 எழுத்து வரை வைக்கலாம் என்பதால் பலர் நீளமாக, அழகாகப் பெயர் வைக்கிறார்கள். ப்ராட்-சேல்ஸ்-லிசனர்-01, ப்ராட்-சேல்ஸ்-லிசனர்-02 என்று ஒரே டொமைனில் உள்ள இரண்டு கிளஸ்டர்களில் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். ஆங்கில எழுத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள்: லிசனர் என்ற சொல்லின் நான்காவது எழுத்தோடு 15 முடிந்துவிடுகிறது. நீங்கள் வேறுபடுத்திக் காட்ட வைத்த 01, 02 எல்லாம் அதற்குப் பின்னால். நெட்பயாஸ் பார்வையில் இரண்டும் ஒரே பெயர். இரண்டாவது லிசனர் ஆன்லைன் வராது. பெயரை 15-க்குள் வையுங்கள், வேறுபடும் பகுதியை முன்னால் வையுங்கள். எழுத்து, எண், இடைக்கோடு போதும், அண்டர்ஸ்கோர் வேண்டாம்.

கிளையண்ட் பக்கம்: மூன்று எண்கள்

கிளஸ்டர் தரப்பில் எல்லாம் சரி, ஆனால் அப்ளிகேஷன் இணையவில்லை என்றால், எரரில் உள்ள எண்ணைப் பாருங்கள். 11001 என்றால் பெயரே கண்டுபிடிக்கப்படவில்லை, டிஎன்எஸ்ஸில் தேடுங்கள். 10060 என்றால் பெயர் ஐபியாக மாறிவிட்டது, ஆனால் அந்த ஐபியிலிருந்து பதில் இல்லை. ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது ஐபி தவறு. 10061 என்றால் அந்த ஐபியில் ஒரு மெஷின் இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. பின்னிரண்டில் ஒன்று வந்தால் பெயரை ஐபியாக மாற்றும் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம். கிடைத்த ஐபி சரியானதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு நெட்வொர்க் பக்கம் போகலாம்.

இந்த எண்களுக்குப் பதிலாக 53 அல்லது 40 என்று, நேம்டு பைப்ஸ் பற்றிப் பேசும் எரர் வரலாம். டிசிபியில் முயன்று தோற்றபின் கிளையண்ட் வேறு வழியில் முயன்றதால் வருவது அது. உண்மைக் காரணம் அதற்கடியில் மறைந்துவிடும். சர்வர் பெயருக்கு முன்னால் டிசிபி என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். அந்த மூன்று எண்களில் ஒன்று வெளியே வரும். லிசனர் 1433 அல்லாத போர்ட்டில் இருந்தால், பெயருக்குப் பின்னால் காற்புள்ளி வைத்து போர்ட் எண்ணைக் கொடுக்க வேண்டும். லிசனர் பெயருக்குப் பின்னால் இன்ஸ்டன்ஸ் பெயரைச் சேர்க்காதீர்கள்.

பெயர் சோதனைக்கு என்எஸ்லுக்அப், பிங் இரண்டையும் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. மெஷினின் கேஷையும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் (பெயர்களையும் ஐபிகளையும் கையால் எழுதி வைக்கும் கோப்பு) பார்ப்பதில்லை. பிங், அப்ளிகேஷன்களைப் போலவே இரண்டையும் பார்க்கிறது. அதனால் இரண்டையும் ஓட்டி, ஐபியை ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு ஐபி காட்டினால் டிஎன்எஸ் சர்வரில் தேடிப் பயனில்லை. அந்த மெஷினின் கேஷிலோ ஹோஸ்ட்ஸ் ஃபைலிலோ பழையது இருக்கிறது. பிங்குக்குப் பதில் வரவில்லை என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். அது காட்டும் ஐபிதான் நமக்கு வேண்டும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் டிஎன்எஸ்ஸைவிட மூத்தது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன்பு, இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த மெஷின்களின் பெயர்கள் எல்லாம் ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன; எல்லாரும் அதை நகலெடுத்துக்கொண்டார்கள். நெட்வொர்க் வளர வளர நகல்களைப் புதுப்பித்து முடியவில்லை. இன்றைக்கு அவசரத்துக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைலில் லிசனர் ஐபியை எழுதுகிறவர்களுக்கும் அதே தொல்லைதான். எழுதியவர் மறந்துவிடுவார், ஐபி மாறும், அந்த ஒரு அப்ளிகேஷன் சர்வர் மட்டும் தனியாக நிற்கும். விண்டோஸ் டொமைனில் இதைத் தற்காலிகச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பெயர் சரி, லாகின் தவறு

எஸ்கியூஎல் லாகினில் இணைகிறது, விண்டோஸ் லாகினில் மட்டும் "எஸ்எஸ்பிஐ காண்டெக்ஸ்ட்" என்று எரர் வருகிறது. இதுவும் பெயர் சிக்கல்தான். விண்டோஸ் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், "இந்தப் பெயரில் இந்த போர்ட்டில் ஓடும் எஸ்கியூஎல் சேவை எந்தக் கணக்குக்குச் சொந்தம்?" என்று ஆக்டிவ் டைரக்டரியைக் கேட்கும். அந்தப் பதிவுக்கு எஸ்பிஎன் என்று பெயர். லிசனருக்கான எஸ்பிஎன்னை, எஸ்கியூஎல் சர்வர் ஓடும் சர்வீஸ் கணக்கின்மேல் டொமைன் அட்மின் பதிந்து தர வேண்டும். எல்லா ரெப்ளிக்காவும் (டேட்டாபேஸ் நகலை வைத்திருக்கும் எஸ்கியூஎல் இன்ஸ்டன்ஸ்) ஒரே சர்வீஸ் கணக்கில் ஓட வேண்டும் என்பது இதனால்தான். எஸ்பிஎன்னே இல்லையென்றால் பெரும்பாலும் என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு இறங்கி எப்படியோ இணைந்துவிடும். தவறான கணக்கில் பதிவாகியிருந்தால்தான் எரர் வரும். செட்எஸ்பிஎன் கட்டளையை எக்ஸ் சுவிட்ச்சோடு ஓட்டினால் இரட்டைப் பதிவுகளைக் காட்டிவிடும்.

மெஷின் இமேஜை நகலெடுத்து நோடு உருவாக்குபவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். எஸ்கியூஎல் நிறுவியபின் விண்டோஸ் பெயரை மாற்றியிருந்தால் எஸ்கியூஎல்லுக்குள் பழைய பெயரே இருக்கும். இரண்டு நோடிலும் @@சர்வர்நேம் என்ன தருகிறது என்று பாருங்கள். அது விண்டோஸ் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், "நீங்கள் கொடுத்த ரெப்ளிக்கா எதுவும் இந்த இன்ஸ்டன்ஸ் இல்லை" என்று அவைலபிலிட்டி குரூப் உருவாக்கும்போது நின்றுவிடும். எஸ்பி_டிராப்சர்வர், எஸ்பி_ஆட்சர்வர் இரண்டையும் ஓட்டி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். ரெப்ளிக்காக்களுக்கு இடையே 35250 என்ற எரர் வந்தால், எண்ட்பாயிண்ட் (ரெப்ளிக்காக்கள் ஒன்றோடொன்று பேசும் இடம்) முகவரியில் உள்ள முழுப்பெயரை அடுத்த நோடிலிருந்து ரிசால்வ் செய்ய முடிகிறதா, 5022 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லினக்ஸில் 127.0.1.1

உபுண்டு அல்லது டெபியனில் மைஎஸ்கியூஎல் இன்னோடிபி கிளஸ்டர் அமைப்பவர்களுக்கு வேறு ஒரு பொறி காத்திருக்கிறது. டெபியன் வகை இன்ஸ்டாலர், மெஷினின் சொந்தப் பெயரை 127.0.1.1 என்ற முகவரியோடு ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவைக்கிறது. தனி மெஷினுக்கு இதில் கெடுதல் இல்லை. கிளஸ்டரில், டிபி1 தன் பெயரைத் தேடினால் 127.0.1.1 கிடைக்கிறது, அது தன்னைத் தானே சுட்டும் முகவரி. அங்கே மற்ற மெஷின்கள் வந்து சேர முடியாது. அந்த வரியை எடுத்துவிட்டு மெஷினின் உண்மையான நெட்வொர்க் ஐபியை எழுதுங்கள். பல லினக்ஸ் கிளஸ்டர்களில் உள் டிஎன்எஸ் இருப்பதில்லை. அங்கே ஹோஸ்ட்ஸ் ஃபைலே நியாயமான வழி. எல்லா நோடிலும் ஒரே உள்ளடக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மைஎஸ்கியூஎல் ஷெல்லில் இன்ஸ்டன்ஸை கிளஸ்டருக்குத் தயார் செய்யும் கட்டளையை ஓட்டும்போது, "இந்த இன்ஸ்டன்ஸ் தன் முகவரி இன்னது என்று சொல்கிறது" என ஒரு வரி வரும். பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். மற்ற நோடுகளும் கிளையண்ட்களும் அந்த முகவரிக்குத்தான் வரப் போகின்றன. அது தவறாக இருந்தால் ரிப்போர்ட்_ஹோஸ்ட் மாறியில் சரியான பெயரை வைத்து ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தொடருங்கள். சோதனைக்கு டிக் கட்டளையை நம்பாதீர்கள். அது டிஎன்எஸ்ஸை மட்டும் கேட்கும். கெட்எண்ட் ஹோஸ்ட்ஸ் என்பது அப்ளிகேஷன் பார்க்கும் விடையைத் தரும்.

ஃபெயில்ஓவருக்குப் பின் பழைய ஐபி

கடைசியாக, நோடுகள் வேறு வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் தனித்தனிப் பகுதிகளில்) இருக்கும் கிளஸ்டர். லிசனருக்கு ஒவ்வொரு சப்நெட்டிலும் ஒரு ஐபி இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஆன்லைன். எஸ்கியூஎல் சர்வர் வழியாக லிசனரை உருவாக்கினால் எல்லா ஐபியும் டிஎன்எஸ்ஸில் பதிவாகும். கிளையண்ட் அவற்றை ஒவ்வொன்றாக முயலும். செத்த ஐபி முதலில் வந்தால் அதிலேயே சுமார் 21 நொடி காத்திருக்கும். ஏடிஓ டாட்நெட்டின் இயல்பான கனெக்‌ஷன் டைம்அவுட்டோ 15 நொடி. அதனால் பாதி முறை இணைகிறது, பாதி முறை இல்லை. கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் மல்ட்டிசப்நெட்ஃபெயில்ஓவர் என்பதை ட்ரூ ஆக்கினால் எல்லா ஐபியையும் ஒரே நேரத்தில் முயன்று, முதலில் பதில் தருவதை எடுத்துக்கொள்ளும்.

அந்த வசதி இல்லாத பழைய டிரைவர் என்றால், ரிஜிஸ்டர்ஆல்ப்ரொவைடர்ஸ்ஐபி என்ற அமைப்பை 0 ஆக்கி, ஆன்லைனில் உள்ள ஐபி மட்டும் பதிவாகும்படி செய்யுங்கள். அப்படிச் செய்தால் ஹோஸ்ட்ரெகார்ட்டிடிஎல் மதிப்பையும் குறைக்க வேண்டும். இயல்பாக அது 1200 நொடி, அதாவது ஃபெயில்ஓவருக்குப் பிறகும் 20 நிமிடம் வரை கிளையண்ட் பழைய ஐபியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். 300 பொதுவாகப் போதும். இந்த இரண்டு மாற்றமும் பெயர் ரிசோர்ஸை ஆஃப்லைன் ஆக்கி ஆன்லைன் கொண்டுவந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்பதால், கிளஸ்டரை உபயோகத்துக்கு விடும் முன்பே வைத்துவிட்டு, ஒருமுறை ஃபெயில்ஓவர் செய்து, அப்ளிகேஷன் சர்வரில் பிங் எந்த ஐபியைக் காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள்.